ஆகா, வினைவேகம்!

வேதியியல் புத்தகத்தில் ஒரே ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு மீதியைக் கிழித்துப் போடு என்று யாராவது மிரட்டினால், நான் யோசிக்கவே மாட்டேன். வினைவேகப் பாடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவேன். தனிம வரிசை அட்டவணை அழகுதான், மறுக்கவில்லை. கரிம வேதியியல் பெருங்கடல்தான், அதையும் மறுக்கவில்லை. ஆனால் திருமங்கலம் மாதிரி ஓர் ஊரில், கரிசல் வெயிலில், நாற்கரச் சாலைப் புழுதியில், உப்புத்தண்ணி போர்வெல்லோடு குடியிருக்கிறவனுக்கு இந்தப் பாடம் தருகிற சந்தோஷத்தை வேறெதுவும் தராது.

கரும்பலகையில் எழுதுகிற சமன்பாட்டைப் பாருங்கள். இந்தப் பக்கம் ரெண்டு பொருள், அந்தப் பக்கம் ரெண்டு பொருள், நடுவில் ஓர் அம்புக்குறி. எது எதுவாக மாறும், எவ்வளவு மாறும் என்றெல்லாம் சொல்லிவிடும். எவ்வளவு நேரத்தில் மாறும் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்காது. அந்த அம்புக்குறிக்குள் கண் இமைக்கும் நேரமும் இருக்கலாம், நாலு தலைமுறையும் இருக்கலாம். இந்த ஊரில் தொழில் செய்கிற ஒவ்வொருவரும் அந்த நேரத்தைத்தான் கையாள்கிறார்கள். மாவரைக்கிறவர், பழமண்டிக்காரர், கொத்தனார், ஸ்வீட் மாஸ்டர், வெள்ளையடிக்கிறவர் யாரும் புதுப் பொருள் எதையும் கண்டுபிடிப்பதில்லை. ஏற்கெனவே நடக்கப்போகிற மாற்றத்தை வெரசாக நடத்துகிறார்கள், இல்லையென்றால் பைய நடத்துகிறார்கள்.

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம் இந்த வேகத்துக்கான காரணிகளை வரிசையாகத் தருகிறது: வினைபடுபொருள்களின் தன்மை, செறிவு, வெப்பநிலை, அழுத்தம், வினையூக்கி, புறப்பரப்பு. பிள்ளைகள் அதை அடி பிசகாமல் மனப்பாடம் செய்து பரீட்சைத் தாளில் இறக்கி வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். எனக்கு வயிறு எரியும். இவ்வளவு பெரிய விஷயத்தை இப்படியா முடிப்பது?

சுண்ணாம்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் என்னைக் கவிழ்த்துப் போட்டது அதுதான். இப்போது வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் எமல்ஷன் பெயிண்ட் வந்துவிட்டது. ஆனாலும் பொங்கலுக்கு முன்னால் மாட்டுக்கொட்டகைக்கும் மதில் சுவருக்கும் சுண்ணாம்பு அடிக்கிற வழக்கம் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் போய்விடவில்லை. கடையில் கல் சுண்ணாம்பாக வாங்கிவந்து வீட்டில்தான் நீற்றுவார்கள். வெள்ளையடிக்க வந்த பெரியவர் ஒருவர் தகர வாளியில் கல்லைப் போட்டு, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துவிட்டு, பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். வாளியில் ஒன்றுமே நடக்கவில்லை.

“என்னய்யா, சும்மா கெடக்கு? இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தவா?” என்றேன்.

“ஊத்திராதீக தம்பி. கல்லு மொதல்ல யோசிக்கும். அப்புறம் அதுவே பாத்துக்கிரும்.”

அவர் சொன்னபடியே ஆனது. முதலில் மெல்லிய ‘ஸ்...’ சத்தம். ஒரு கல்லில் மயிரிழை போல விரிசல். அந்த விரிசலிலிருந்து கொஞ்சம் ஆவி. பிறகு இன்னொரு கல், இன்னொரு விரிசல், ‘டப்’ என்று ஓர் உடைப்பு. அதற்கப்புறம் அடக்க முடியவில்லை. வாளி முழுவதும் கொதித்துக் குமுறி, வெள்ளைச் சேறு பொங்கி விளிம்பைத் தொட்டது. அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, வாளியைத் தொட்டால் கை பொத்துப்போகும்! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால், இன்றைக்கும் யார் வீட்டிலாவது சுண்ணாம்பு நீற்றுகிறார்கள் என்று தெரிந்தால் போய் நின்றுவிடுவேன்.

அந்த வாளிக்குள் பாதிப் பாடம் இருக்கிறது. கால்சியம் ஆக்சைடு தண்ணீரோடு சேரும்போது வெப்பம் வெளிவருகிறது. 56 கிராம் சுண்ணாம்புக்கு ஏறத்தாழ 65 கிலோஜூல். ஒரு கிலோ நல்ல கல் முழுசாக நீறினால், மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகிற அளவு வெப்பம் அது. அந்த வெப்பம் வெளியே போவதற்கு முன்னால் அதே வினையைத் தூண்டிவிடுகிறது. சூடு ஏறினால் வேகம் ஏறும். வேகம் ஏறினால் இன்னும் சூடு. கல் உடைய உடையத் தண்ணீர் தொடுகிற பரப்பும் கூடுகிறது; அதனால் வேகம் இன்னும் ஏறுகிறது. பெரியவர் சொன்ன ‘யோசிக்கிற’ நேரம் என்பது இந்தச் சுழற்சி சூடு பிடிக்கிற வரைக்கும் ஆகிற நேரம். நான் அவசரப்பட்டு ஒரு குடம் பச்சைத் தண்ணீரை ஊற்றியிருந்தால், வருகிற சூட்டையெல்லாம் அந்தத் தண்ணீரே குடித்துவிடும். கல் மூழ்கிச் செத்ததுபோலக் கிடக்கும், சரியாக நீறாது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரே மாதிரி வெள்ளைக் கல்லாகத் தெரிகிற ரெண்டு சுண்ணாம்பு ஒரே வேகத்தில் நீறாது. சுண்ணாம்புக்கல் சுமார் 900 டிகிரி செல்சியஸில் கார்பன் டை ஆக்சைடை விட்டுப் பிரிகிறது. காளவாசலில் அளவோடு வெந்த கல் பஞ்சுபோல நுண்துளைகளோடு இருக்கும்; தண்ணீர் சட்டென்று உள்ளே பாயும். அளவுக்கு மீறிச் சுட்டுவிட்டால் அந்தத் துளைகள் மூடிக்கொண்டு கல் இறுகிவிடும். வேதிப்பொருள் அதேதான், எடையும் அதேதான், ஆனால் நீறுவதற்கு நாள் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட துணுக்கு ஒன்று பூச்சுக்குள் போய்விட்டால், சுவரில் ஏறிய பிறகு மெதுவாக நீறி, ஊதி, பூச்சைப் பெயர்த்துக்கொண்டு விழும். நீற்றிய சுண்ணாம்பை நாள் கணக்கில் ஊறவைத்து, வடிகட்டித்தான் பூச வேண்டும் என்று பழைய கொத்தனார்கள் பிடிவாதம் பிடித்தது இதனால்தான். புறப்பரப்பு என்று புத்தகத்தில் ஒற்றை வரியில் கடந்துபோகிற விஷயம் ஒரு வீட்டின் சுவரையே காப்பாற்றுகிறது அல்லது கெடுக்கிறது.

இதே சுண்ணாம்பின் மறுபக்கத்தைப் பார்க்க மதுரைக்கு ஒரு பஸ் ஏறினால் போதும். 1636-ல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் தூண்களும் சுதை வேலையும் செங்கல், சுண்ணாம்புச் சாந்தின் கைவண்ணம். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு திரும்பவும் சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. அது எவ்வளவு பைய நடக்கும் தெரியுமா? காற்றில் அந்த வாயு பத்தாயிரத்தில் நாலு பங்கு சொச்சம்தான். செறிவு அவ்வளவு குறைவு. அந்தக் கொஞ்சமும் பூச்சின் மேல்தோலைத் தாண்டி உள்ளே நுழைய வேண்டும். அதனால் மேற்பரப்பு சீக்கிரம் இறுகினாலும், தடித்த பூச்சின் உட்புறம் இறுக ஆண்டுகள் பல ஆகும். நீறுவதற்குச் சில நிமிடம், இறுகுவதற்கு ஆண்டுகள்! ஒரே பொருளின் வாழ்க்கையில் இப்படி ரெண்டு வேகம். மகாலில் போய் நிற்கிறவர்கள் ஒலி ஒளிக் காட்சியைப் பார்க்கிறார்கள். நான் தூணைத் தடவிக்கொண்டு நிற்பேன். கூட வந்தவர்கள் என்னைத் தெரியாததுபோல நகர்ந்து போவார்கள்.

இனி வெப்பநிலை. எங்கள் ஊருக்கு ஆண்டவன் தாராளமாகக் கொடுத்திருக்கிற ஒரே பொருள். தெரு முனையில் ஈர மாவு விற்கிற அக்காவிடம் ஒருநாள், “மாவு பொங்க எவ்வளவு நேரம்க்கா ஆகும்?” என்று கேட்டேன். “சித்திரையில வச்சா மத்தியானத்துக்குள்ள மூடியத் தள்ளிரும். மார்கழில ராவெல்லாம் கெடக்கும்” என்றார். பச்சை உளுந்தோடு வருகிற நுண்ணுயிரிகள் மாவுக்குள் புளிப்பையும் வாயுவையும் உண்டாக்குகின்றன. அவற்றின் நொதிகள் செய்வதும் வேதிவினைதான். இதே மாவைக் கொடைக்கானலுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மறுநாள் காலையிலும் கல்லுப்போல உட்கார்ந்திருக்கும். அங்கே வீடுகளில் மாவுப் பாத்திரத்தை அடுப்படியில் கதகதப்பாக மூடிவைக்கிறார்கள். மலைமேல் பருப்பு வேகவும் நேரமாகும். ஏழாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடுகிறது. அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கரை மூடி அழுத்தத்தைக் கூட்டினால் உள்ளே 120 டிகிரி வரை போகும், பருப்பு குழைந்துவிடும். (எங்கள் ஊர் உப்புத்தண்ணியில் பருப்பு வேகாதது வேறு கதை. அதில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. அதற்கு வெயிலைக் குறை சொல்ல முடியாது.)

இப்போது நான் சொல்லப்போவதுதான் இந்தப் பாடத்திலேயே எனக்கு மெய்சிலிர்க்கிற இடம். பத்து டிகிரி சூடு ஏறினால் பல வினைகளின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று படித்திருப்போம். காரணம் கேட்டால், “மூலக்கூறுகள் வேகமாக ஓடும், அதிகமாக மோதும்” என்று சட்டென்று பதில் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் மூலக்கூறுகளின் சராசரி வேகம் எவ்வளவு கூடுகிறது? நூற்றுக்கு ஒன்றரை பங்கு சொச்சம்! அவ்வளவுதான். ஒன்றரைச் சதவீத ஓட்டம் கூடியதற்கு வினை ரெட்டிப்பாவது எப்படி?

மோதல்களில் பெரும்பாலானவை வீண் என்பதுதான் விடை. மோதிக்கொண்டு சும்மா விலகிப் போய்விடுகின்றன. கிளர்வு ஆற்றல் என்கிற ஒரு குறைந்தபட்ச ஆற்றலோடு வந்து மோதுகிற மிகச் சிலவே வினையாக மாறும். சூடு கொஞ்சம் ஏறும்போது சராசரி லேசாகத்தான் நகரும். ஆனால் அந்த வரம்பைத் தாண்டுகிற கூட்டம் மளமளவென்று பெருகிவிடும். கூட்டத்தின் நடுவில் பெரிய மாற்றமில்லை, ஓரத்தில் இருக்கிற முரட்டு ஆசாமிகளின் எண்ணிக்கைதான் ரெட்டிப்பாகிறது. சுவீடன்காரர் அரீனியஸ் 1889-ல் இதை ஒரு சமன்பாட்டில் அடக்கினார். அந்தச் சமன்பாடு பன்னிரண்டாம் வகுப்பில் வரும்போது பிள்ளைகள் மடக்கைப் பட்டியலைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். பயப்படாதீர்கள், அதற்குள் நம் ஊர்ச் சித்திரை வெயில்தான் இருக்கிறது.

அரீனியஸ் அந்தக் கட்டுரையில் எதை ஆராய்ந்தார் தெரியுமா? சர்க்கரைப் பாகை! கரும்புச் சர்க்கரைக் கரைசலில் அமிலம் சேர்த்தால் சர்க்கரை உடைந்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் மாறுகிறது. அவருக்கு 39 ஆண்டுகளுக்கு முன்னால், 1850-ல், ஜெர்மனியில் லுட்விக் வில்ஹெல்மி என்பவர் இதே சர்க்கரையைத்தான் எடுத்துக்கொண்டார். முனைவாக்கிய ஒளியைச் சர்க்கரைக் கரைசல் வலப்பக்கம் திருப்பும். உடைந்த பிறகு இடப்பக்கம் திருப்பும். அந்தத் திருப்பத்தைக் கோணமாக அளந்துகொண்டே வந்து, எந்த நேரத்திலும் மாறுகிற வேகம் மிச்சமிருக்கிற சர்க்கரையின் அளவைப் பொறுத்தது என்று எழுதிவைத்தார். ஒரு வினையின் வேகத்தை முதன்முதலாகக் கணக்கில் பிடித்தது அப்போதுதான். பாவம், அவர் கட்டுரையை ரொம்ப நாள் யாரும் சீண்டவில்லை.

இதைப் படித்த அன்று எனக்கு எங்கள் ஊர் ஸ்வீட் கடைதான் கண்ணில் வந்தது. ஜிலேபிக்குப் பாகு காய்ச்சும்போது மாஸ்டர் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து விடுவார். “எதுக்கு மாஸ்டர், புளிக்காதா?” என்று கேட்டதற்கு, “பிழியலேன்னா பாகு பூத்துரும்ல” என்றார். பூப்பது என்றால் சர்க்கரை திரும்பவும் படிகமாகி மேலே வெள்ளை படர்வது. எலுமிச்சையின் அமிலம் சர்க்கரையில் ஒரு பகுதியை உடைத்துவிடுகிறது. உடைந்த துண்டுகள் படிகம் கட்டுவதற்கு இடைஞ்சல் செய்கின்றன. அமிலம் இங்கே வினையூக்கி. கொதிக்கிற பாகில் இது நிமிடக் கணக்கில் நடக்கிறது. அதே எலுமிச்சையைச் சர்பத்தில் பிழிந்து வைத்தால் நாள்கணக்கில் ஆகும். வில்ஹெல்மியும் அரீனியஸும் ஆராய்ச்சிக்கூடத்தில் அளந்ததை நம் மாஸ்டர் இரும்புக் கடாயில் தினமும் நடத்திக்கொண்டிருக்கிறார். இதற்கு மேல் ஒரு பாடம் என்ன இனிக்க வேண்டும்!

நம் நாட்டில் இந்தத் துறைக்குப் பாதை போட்டவர்களில் நீல் ரத்தன் தர் முக்கியமானவர். வெப்பமும் ஒளியும் வினைகளை எப்படி விரட்டுகின்றன என்பதை அலகாபாத்தில் இருந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். இந்திய இயற்பிய வேதியியலின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். நம் பாடப்புத்தகத்தில் அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

வினையூக்கியைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் என் மொட்டைமாடிக்கு வாருங்கள். சாயந்திரம் தெருப் பிள்ளைகள் கூடும்போது நான் தவறாமல் செய்கிற வித்தை இது. மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும், புண் கழுவுகிற ஆறு சதவீதக் கரைசல். பாட்டிலில் ‘20 வால்யூம்’ என்று போட்டிருந்தால், ஒரு மில்லி கரைசல் முழுசாகச் சிதைந்தால் இருபது மில்லி ஆக்சிஜன் வரும் என்று பொருள். அதை ஒரு டம்ளரில் ஊற்றி வைத்தால் சும்மாதான் இருக்கும். அது சிதைந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். வெளிச்சம் பட்டால் அந்த வேகம் கூடும் என்பதால்தான் பாட்டில் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கிறது.

இனிமேல்தான் வேடிக்கை. தீர்ந்துபோன சாதாரண டார்ச் பேட்டரி, அந்தப் பழைய சிவப்பு உறை பேட்டரி, ஒன்றைப் பெரியவர்கள் உடைத்து, உள்ளே இருக்கிற கறுப்புப் பொடியைத் தண்ணீரில் நன்றாக அலசிக் காயவைத்துக்கொள்ள வேண்டும். ‘ஆல்கலைன்’ என்று எழுதிய பேட்டரியைத் தொடவே கூடாது. அதில் இருக்கிற காரம் தோலை அரித்துவிடும். கறுப்புப் பொடி பெரும்பாலும் மாங்கனீசு டை ஆக்சைடும் கரியும். அதில் ஒரு சிட்டிகையை டம்ளரில் போடுங்கள். ஐயோ, அந்தக் காட்சி! பொடி விழுந்த இடத்திலேயே குபுகுபுவென்று குமிழிகள் கிளம்பும். சோப்புத்தூள் கொஞ்சம் கலந்திருந்தால் நுரை டம்ளரை விட்டு எழுந்து நிற்கும். அணையப்போகிற ஊதுபத்தியை நுரைக்குள் விட்டால் குப்பென்று பற்றும். பிள்ளைகள் போடுகிற கூச்சலில் பக்கத்து வீட்டு மாமா எட்டிப்பார்த்துவிட்டு, “என்னப்பா, தீபாவளி இன்னும் வரலயே?” என்று கேட்டார்.

எல்லாம் அடங்கிய பிறகு பொடியை வடிகட்டிக் காயவையுங்கள். போட்ட அளவு அப்படியே இருக்கும். அதையே திரும்பப் போடுங்கள், திரும்பவும் குமிழி வரும். “அப்ப இது எதுக்குண்ணே போட்டோம்? செலவாகவே இல்லையே!” என்று ஏழாவது படிக்கிற பெண் கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த வேலையே. அவளுக்கு நான் சொன்ன பதில் இது: கொல்லம் போகிற நெடுஞ்சாலை நம் திருமங்கலத்தில்தான் ஆரம்பிக்கிறது. மேற்குத்தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. லாரிகள் உச்சிக்கு ஏறியா கேரளாவுக்குப் போகின்றன? செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு கணவாய் வழியாகப் போகின்றன. மலையும் குறையவில்லை, கொல்லமும் நகரவில்லை. ஏற வேண்டிய உயரம்தான் குறைந்தது. வினையூக்கி அந்தக் கணவாய்.

பொடிக்குப் பதிலாக ஒரு துண்டு பச்சை உருளைக்கிழங்கைப் போட்டாலும் நுரைக்கும். உயிருள்ள திசுக்களில் கேட்டலேஸ் என்கிற நொதி இருக்கிறது. புண்ணில் பெராக்சைடு ஊற்றும்போது பொங்குவதும் அதனால்தான். இந்த நொதியின் ஒரே ஒரு மூலக்கூறு நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெராக்சைடு மூலக்கூறுகளை உடைக்கிறது. ஒரு நொடிக்கு! கிழங்கை வேகவைத்துவிட்டுப் போட்டால் ஒன்றும் நடக்காது. சூட்டில் நொதி உருக்குலைந்துவிட்டது. சூடு ஏறினால் எல்லாம் வேகமாகும் என்று சற்று முன் நான் பாடிய பாட்டுக்கு இது எதிர்ப்பாட்டு.

செறிவுக்கு ஹைப்போ போதும். போட்டோ ஸ்டுடியோவில் ஃபிலிம் கழுவிய காலத்தில் கிடைத்த அதே படிகத்தை இப்போது வண்ணமீன் கடையில் குளோரின் எடுக்க விற்கிறார்கள். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில், வெள்ளைத்தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டு, மேலே ஹைப்போக் கரைசல் இருக்கிற குடுவையை வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்ற வேண்டும். கந்தகம் வெளிவந்து கரைசல் பால்போல மாறி, கொஞ்ச நேரத்தில் குறி மறைந்துபோகும். ஹைப்போவில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் குறி மறைய ஏறக்குறைய ரெண்டு மடங்கு நேரமாகும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கந்தக டை ஆக்சைடின் நெடி மூக்கைத் துளைக்கும்.

இந்தக் கொண்டாட்டமெல்லாம் அடங்கிப்போகிற ஓர் இடம் உண்டு. திருமங்கலத்திலிருந்து தெற்கே விருதுநகர் தாண்டிச் சிவகாசிக்குப் போனால், வினைவேகம் என்பது உயிர்ப் பிரச்சினை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுவந்து ஆரம்பித்த தீப்பெட்டித் தொழிலிலிருந்து வளர்ந்த ஊர் அது. தீப்பெட்டியே ஓர் அற்புதம்: குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ். ரெண்டையும் பிரித்து வைத்ததால் சட்டைப்பையில் சாதுவாகக் கிடக்கிறது. உரசினால்தான் வரம்பைத் தாண்டுகிறது. பட்டாசில் கதை வேறு. வீட்டு அலுமினியக் குண்டானை அடுப்பில் எத்தனை வருஷம் வைத்தாலும் எரியாது. அதே அலுமினியம் கரகரப்பான துகளாகப் புஸ்வாணத்தில் பொறியாகக் கொட்டும். மாவாக அரைத்துவிட்டால் ஒரே கணத்தில் வெடிக்கும். அந்த மாவில் ஈரம் பட்டால் தானே சூடேறி ஹைட்ரஜனை வெளிவிடும். மருந்துக் கலவை அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று விதி வைத்திருப்பதற்கும், வெயில் ஏறுமுன் கலவையை முடிக்கச் சொல்வதற்கும் இதுதான் காரணம். விதியை மீறுகிற ஒவ்வொரு முறையும் கூலிக்கு வந்தவர்கள்தான் கருகிப்போகிறார்கள். புறப்பரப்பும் வெப்பநிலையும் பாடப்புத்தகத்தில் மதிப்பெண். அந்தக் கொட்டகைகளில் ஆயுசு.

விரட்டுவதில் மட்டுமல்ல, நிறுத்தி வைப்பதிலும் சாமர்த்தியம் இருக்கிறது. சிமெண்டில் ஜிப்சம் சேர்க்காவிட்டால் தண்ணீர் பட்டவுடனே கல்லாகிவிடும். கொத்தனார் கரண்டியை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும். விருதுநகருக்குத் தெற்கே ஆர்.ஆர். நகர் ஆலையிலிருந்து வருகிற மூட்டையிலும் ஜிப்சம் உண்டு. ஒரு கை சர்க்கரை விழுந்தால் கலவை இறுகவே அடம்பிடிக்கும் என்பது கட்டட வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்த ரகசியம். வாழைத்தாரை மூட்டம் போடுவது எதிர்த்திசை: புகையில் இருக்கிற எத்திலீன் காய்க்குள் நொதிகளைத் தட்டி எழுப்புகிறது. இப்போது அறையில் எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை விட்டுப் பழுக்கவைக்க அனுமதி இருக்கிறது. கார்பைடு கல்லுக்குத் தடை. ஆனாலும் கல் வைக்கிற ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். மேலே மஞ்சளும் உள்ளே காயுமாக இருந்தால் வாங்காதீர்கள்.

துரு விஷயத்திலும் வேகத்தை நிறுத்தி வைப்பதுதான் சாமர்த்தியம். எங்கள் வீட்டு இரும்புக் கேட் வருஷக்கணக்கில் தாங்குகிறது. அதே இரும்பைப் பாம்பனில் நிறுத்தினால் உப்புக்காற்று தின்றுவிடும். காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்து, உலோகத் தகடுகளைக் கடல்காற்றில் போட்டு அரிப்பின் வேகத்தை அளக்கிறது. 1914-ல் கட்டிய பழைய பாம்பன் பாலத்தின் அருகே 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்களே, அதன் ஆயுளும் இந்த வேகத்தைக் குறைப்பதில்தான் இருக்கிறது. வேகத்தைக் கூட்டுவதற்குக் கடைசியாக, தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலையில் இரும்பு வினையூக்கியின்மேல் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் அம்மோனியாவாகச் சேர்வதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். 1913-ல் ஜெர்மனியில் ஆரம்பித்த முறை. 400, 500 டிகிரி சூடு, நூற்றுக்கும் மேற்பட்ட மடங்கு காற்றழுத்தம், அதோடு அந்த வினையூக்கி. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நம் கரிசல் காட்டுக்கு யூரியா மூட்டை வந்திருக்காது.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அரசுப் பள்ளிகளுக்கு 2022 நவம்பரில் வானவில் மன்றம் என்கிற செய்முறை அறிவியல் திட்டம் வந்தது, நல்ல காரியம். ஆனால் ஆறு, ஏழு, எட்டோடு அது நின்றுவிடுகிறது; இந்தப் பாடம் வருவதோ பத்தில். அதனால் இதை வீட்டிலேயே ஆரம்பித்துவிடுங்கள். தண்ணீரில் போட்டால் பொங்குகிற வைட்டமின் மாத்திரை ரெண்டு, டம்ளர் ரெண்டு. ஒன்றில் பானைத்தண்ணீர், இன்னொன்றில் வெந்நீர். அடுத்த தடவை ஒரு மாத்திரையை முழுசாக, ஒன்றைப் பொடித்து. எது முந்தும் என்று பிள்ளைகளை முதலில் பந்தயம் கட்டச் சொல்லுங்கள், பிறகு போடுங்கள். பட்டாசு மருந்தைப் பிரிக்க மட்டும் விடாதீர்கள். சுண்ணாம்பு நீற்றும்போது கண்ணாடி போடாமல் கிட்டே போகவும் விடாதீர்கள், கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். ஸ்டாப்வாட்ச் எல்லார் செல்போனிலும் இருக்கிறது. இன்றைக்குச் சாயந்திரமே ஆரம்பியுங்கள்.